மூன்று பேருக்கும் ஒரே கல்லா தடுக்கும்?

எனக்கு இதுவரை போர்த்திய சால்வைகளில் ஒன்றே ஒன்று மட்டும் சாணி நாற்றத்தோடு வீடு வந்து சேர்ந்தது. மூன்று முறை துவைத்தாயிற்று. போகவில்லை. இப்போது அது மொட்டைமாடிக் கொடியில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

எங்கே போர்த்தினார்கள் என்கிறீர்களா? ஒரு மாட்டுப் பண்ணையில்! எட்டுப் பெண்கள் கைதட்ட, முப்பத்திரண்டு மாடுகள் அசை போட, அமர்க்களமாக நடந்தது.

நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கே எழுதியிருப்பேன். ‘தரை வேலை முடியுற வரைக்கும் எழுதித் தொலைக்காதடி, தாயே’ என்று என் சிநேகிதி கலைவாணி கையைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம் வேலை முடிந்துவிட்டது. இனி என்னை யார் தடுக்க முடியும்?

கலைவாணி என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு ஜங்ஷன் பக்கம் டைல்ஸ் கடை. கடையும் பண்ணையும் ஒரே குடும்பத்தில் இருந்ததுதான் வினையே. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு நாள் காலையில் போன்.

“ஏய்... வர்ற புதன்கெழம மத்தியானம் எங்கயும் போயிடாத. நீதான் சீஃப் கெஸ்ட்டு.”

“எதுக்குடி?”

“சேஃப்டி டிரெய்னிங்கு. பண்ணையில வேல செய்யற பொம்பளைங்களுக்கு. பால் எடுக்கற கம்பெனிக்காரங்க கண்டிப்பா நடத்தணும்னு சொல்லிட்டாங்க. சொல்லிக் குடுக்க ஆளும் அவங்களே அனுப்பறாங்க. நீ வந்து சர்ட்டிபிகேட்ட குடுத்துட்டு ரெண்டு வார்த்த பேசிட்டுப் போ.”

“மாட்டுப் பண்ணையில என்னடி சேஃப்டி? வெல்டிங் பட்டறையா வெச்சிருக்க? மாட்டுக்குத் தண்ணி காட்டறதுக்கு ஹெல்மெட்டா போடப் போறீங்க?”

இப்படித்தான் கேட்டேன். நக்கலாக வேறு! இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. உழைக்கிறவர்களுக்கு என்ன அடிபடும் என்று தெரியாதவர்களைத்தானே சீஃப் கெஸ்ட்டாகக் கூப்பிடுவார்கள்...

புதன்கிழமை ஒரு மணிக்கு ஆட்டோவில் போய் இறங்கினேன். கொட்டகை வாசலைப் பார்த்ததும் அசந்துபோனேன். எட்டு ஜோடி கம்பூட்ஸ். முழங்கால் வரை வருகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ். புத்தம் புதுசு. கல்யாண மண்டப வாசலில்கூட இவ்வளவு ஒழுங்காகச் செருப்பு வைத்துப் பார்த்ததில்லை.

பயிற்சி ஆரம்பிக்கும் முன்பே இவ்வளவு முன்னேற்றமா என்று நினைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தேன். எட்டுப் பெண்களும் வெறுங்காலோடு சாணி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சியாளர் விக்னேஷ், சேலம் பக்கத்துப் பிள்ளை, இருபத்தெட்டு வயது இருக்கும். லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அழுகிற மாதிரி நின்றிருந்தார்.

“மேடம், பூட்ஸ் கொடுத்து பத்து நாளாச்சுங்க. டெய்லி போட்டுக்கிட்டு வராங்க. வாசல்ல கழட்டி வெச்சிட்டு உள்ள போறாங்க. உள்ள போடறதுக்குத்தான் மேடம் பூட்ஸே!”

முன்னால் நின்றிருந்த அஞ்சலை என்ற பெண் சிரித்தபடி பதில் சொன்னாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டு முழுக்கையையும் இறக்கிவிட்டிருந்தாள். பண்ணையில் அவள்தான் மேஸ்திரி மாதிரி.

“மாடு லட்சுமிங்க சார். அது நிக்கற எடத்துல கால்ல மாட்டிகிட்டு எப்புடிங்க நிக்கறது? அதுவும் இந்தத் தரையப் பாருங்க. வூட்டு ஹாலு மாதிரி இருக்குது. வூட்டுக்குள்ள யாராச்சும் செருப்போட போவாங்களா?”

“அதானே!” என்றேன் நான்.

விக்னேஷ் என்னைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்... என் செருப்பு வாசலில், கம்பூட்ஸ் வரிசையில் ஒன்பதாவது ஜோடியாக இருந்தது. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. பத்தாவது ஜோடி கலைவாணியுடையது.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தன நிற டைல்ஸ். ஓரமெல்லாம் பூப்போட்ட பார்டர். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். என் வீட்டு ஹாலே இதற்கு முன்னால் தலைகுனிய வேண்டியதுதான். போட்டு இரண்டு மாதம் ஆகிறதாம்.

“எப்புடிம்மா இருக்குது?” என்றார் தணிகாசலம். முகமெல்லாம் பெருமை. “செராமிக்குக்குப் பேர்போன ஊர்ல பொறந்து, டைல்ஸ் கடையும் வெச்சிகிட்டு, எம் மாட்ட சொரசொர சிமெண்ட் தரையில நிக்க வெச்சா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா? பைப்பத் தொறந்து வுட்டா அஞ்சே நிமிஷம். பளிச்!”

வாஸ்தவம்தான் என்று நானும் தலையாட்டி வைத்தேன். அந்த ஆட்டலுக்கான தண்டனை அன்று சாயங்காலத்துக்குள் எனக்குக் கிடைத்தது.

பயிற்சி தொடங்கியது. ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் படம் காட்டினார் விக்னேஷ். பிள்ளை நன்றாகவே பேசினார். காலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் மாட்டு மூத்திரம், சாணித் தண்ணீர் வழியாகக் காய்ச்சல் ஏறும் என்றார். மாட்டுக்குப் போடுகிற சோளத்தட்டையை வெட்டுகிற மெஷினில் முந்தானை, தலைமுடி மாட்டினால் என்ன ஆகும் என்று காட்டினார். ஹெல்மெட் ஜோக் அடித்த வாயை மெல்ல மூடிக்கொண்டேன்.

“மாட்டுக்கு நேர் பின்னாடி போகக் கூடாது. ஏன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்?”

“மாட்டுக்குப் பின்னால கண்ணு கெடையாதுங்களே சார்” என்றாள் அஞ்சலை. “பேசிக்கிட்டே பக்கவாட்டுல போவணும். மொதல்ல முதுவுல கைய வெச்சி, ‘நாந்தான்டி வரேன்’னு சொல்லணும். ஆடற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடற மாட்டப் பாடிக் கறக்கணும்.”

“நீங்க ஆடுவீங்களா, பாடுவீங்களா?”

“மாடு பால் குடுத்தா ரெண்டும் செய்வேன் சார்!”

ஒரே சிரிப்பு. விக்னேஷும் சிரித்துவிட்டார். அடுத்த நாலு ஸ்லைடும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். சட்டை போடுவது, முடியைக் கொண்டை போட்டுத் துண்டு கட்டுவது... எல்லாம் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள். அவருக்கு மனசு நிறைந்துபோனது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி.

“கடைசி ரெண்டு மாசத்துல யாருக்காவது இங்க அடிபட்டிருக்கா? வழுக்கினது, மாடு மிதிச்சது, உதைச்சது... எதுவா இருந்தாலும் சொல்லலாம்.”

சிரித்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் கப்சிப். ஸ்கூலில் ‘ஹோம் ஒர்க் செய்யாதவங்க எழுந்து நில்லுங்க’ என்றால் ஒரு அமைதி வருமே, அதே அமைதி.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்” என்றாள் அஞ்சலை. மற்ற ஏழு தலைகளும் ஒன்றாக ஆடின.

பூட்ஸோடு கம்பெனி கொடுத்திருந்த விபத்துப் பதிவு நோட்டைப் புரட்டினார் விக்னேஷ். ஒரு எழுத்து இல்லை. “சூப்பர்! ஜீரோ ஆக்சிடென்ட்! பண்ணைக்கே தனி சர்ட்டிபிகேட் உண்டு. மேடம்தான் கொடுக்கப் போறாங்க” என்று கைதட்டினார். தணிகாசலம் காலரைச் சரி செய்துகொண்டார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மேடையில் உட்கார்ந்தால் பேச்சைக் கேட்க மாட்டேன், ஆட்களை வேடிக்கை பார்ப்பேன். அப்போதுதான் அஞ்சலையின் இடது கால் கட்டைவிரலைப் பார்த்தேன். மஞ்சள் பத்துப் போட்டு, பழைய துணியால் கட்டியிருந்தது. விரல் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த முத்துலட்சுமிக்கு முழங்கையில் கட்டு. அடுத்தவளுக்குக் கெண்டைக்காலில் கறுப்பாக ரத்தம் கட்டியிருந்தது.

டீ இடைவேளையில் சும்மா இருக்க முடியுமா என்னால்?

“கால்ல என்னம்மா?”

“கல்லு தடுக்கிடுச்சிங்க.”

“உனக்கு?”

“கல்லு தடுக்கிடுச்சிங்க.”

“உனக்கும் கல்லுதானா?”

“ஆமாங்க... கல்லுதான்.”

முழங்கையில் போய்த் தடுக்குகிற கல்லை எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? அதுவும் முகம் பார்க்கிற டைல்ஸ் போட்ட கொட்டகையில் கல் எங்கிருந்து வந்தது? நான் இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை பார்த்தேன். அஞ்சலை என் கையைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“யம்மா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கையில அடிச்சி சத்தியம் பண்ணுங்க.”

அடித்தேன். என் வாயைப் பற்றி வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பாவம், அவளுக்குத் தெரியாது.

ஓரத்தில் நின்ற ஒரு செவலை மாட்டைக் காட்டினாள். காதில் பதினேழாம் நம்பர் மஞ்சள் கம்மல். அஞ்சலை வைத்த பெயர் மல்லிகா. தாய்மாடு பிரசவத்திலேயே போய்விட, இவள்தான் கன்றை பாட்டில் பால் கொடுத்து வளர்த்திருக்கிறாள். பண்ணையில் மெஷின் வந்த பிறகும் மல்லிகா மெஷினுக்குச் சுரக்க மாட்டாளாம். அஞ்சலை கைதான் வேண்டுமாம்.

“தங்கமான மாடுங்க. என்னா சனியன் புடிச்சிதோ, ரெண்டு மாசமா உதைக்குது. மூணு தடவ ஆயிடுச்சி. ரெண்டு வாரத்துக்கு முன்னால மூணாவது தடவ பக்கெட்ட உதைச்சி, அந்த பக்கெட்டோட சேத்து எங்கால மிதிச்சிடுச்சி.”

“ஆஸ்பத்திரிக்குப் போகலியா?”

“எப்புடி போறது? எப்புடி அடிபட்டுதுன்னு கேப்பாங்க. அய்யாவுக்கு விஷயம் போயிடும். அந்த போர்டப் பாத்தீங்களா?”

தீவன அறைச் சுவரில் ஒரு போர்டு. ‘தொழிலாளர் பாதுகாப்பு கருதி, மூன்று முறை உதைக்கும் மாடு பண்ணையில் இருக்காது.’ தணிகாசலம் எழுதி மாட்டியது.

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பெண்களுக்கு வயிற்றில், நெஞ்சில் பட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்று பயந்து, நல்ல மனசோடு வைத்த சட்டம். யாருக்கும் அடிபடாமலே, வெறும் பக்கெட்டை உதைத்ததற்கே, அந்தச் சட்டப்படி முந்தின மாதம் இரண்டு மாடுகள் சந்தைக்கு லாரி ஏறிவிட்டன.

“அதுங்க போன அன்னிக்குத்தான் நாங்க எட்டு பேரும் பேசி வெச்சிகிட்டோம். இனிமே யார எது உதைச்சாலும் கல்லுதான். நோட்டுல பதினேழுன்னு எழுதினா எம் மல்லிகா அவ்ளோதாம்மா...” அஞ்சலைக்குக் கண் கலங்கிவிட்டது.

வீங்கின விரலோடு இரண்டு வாரமாக நிற்கிறாள். மாட்டைக் காப்பாற்ற! எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த லட்சணத்தில் அரை மணி நேரத்தில் நான் போய் ‘இங்கே யாருக்கும் அடிபடவில்லை’ என்று சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். சத்தியம் வேறு பண்ணித் தொலைத்தாயிற்று.

மூன்று மணி. கறவை நேரம் நெருங்கிவிட்டது. “மொதல்ல போட்டோ எடுத்துடலாம்” என்றார் தணிகாசலம். சால்வை போர்த்தினார்கள். “ஏழாம் நம்பர் பக்கத்துல நில்லுங்கம்மா. அது சாது. தரை நல்லாத் தெரியணும்!” போட்டோவுக்காகவே பைப்பைத் திறந்து புதிதாகக் கழுவியிருந்தார்கள்.

ஈர டைல்ஸ். வெறுங்கால். எழுபத்தெட்டுக் கிலோ சீஃப் கெஸ்ட்.

இரண்டாவது எட்டு வைத்தேன், அவ்வளவுதான். ‘ஐயோ’ சொல்லக்கூட நேரமில்லை. சாணித் தண்ணீர்க் கால்வாயில் சால்வையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டு ஏழாம் நம்பர் மிரண்டது. அதன் பின்னங்கால் ஒரு பக்கம் சர்ரென்று போனது. அடுத்த நொடி காலை வீசி ‘டமார்’ என்று பக்கத்திலிருந்த பால்கேனை உதைத்தது. கேன் உருண்டு சுவரில் போய் மோதியது.

“உதைச்சிடுச்சி! இதுவுமா!” என்று கத்தினார் தணிகாசலம். “எழுதுங்க தம்பி, ஏழாம் நம்பர், மொதல் தடவ!”

விக்னேஷ் எழுதவில்லை. என்னைத் தூக்கிவிட்டுவிட்டு, மாட்டின் காலடியில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். சாணிப் படலத்தில் நீள நீளமாகக் கோடுகள். மாட்டின் குளம்பு சறுக்கிய தடம்.

“சார், இது உதைக்கல. கால் வழுக்குது. வழுக்குன காலைத் திரும்ப ஊனறதுக்கு வீசுது. இந்தத் தரையில நிக்கறதுக்கே பயப்படுதுங்க சார்.”

நான் சும்மா இருப்பேனா? இடுப்பு வலியில் எனக்கு வீரம் வந்துவிட்டது.

“தம்பி, அந்த நோட்டக் கொண்டாங்க! ஆக்சிடென்ட் நம்பர் ஒண்ணு. அடிபட்டது, சீஃப் கெஸ்ட். எடம், இடுப்பு. காரணம், தரை. எழுதுங்க!”

தணிகாசலம் முகம் சுருங்கிவிட்டது. “இருவது வருஷமா டைல்ஸ் விக்கறேன்மா. ஒரு கம்ப்ளெய்ன்ட்டு வந்ததில்ல.”

“மாடு எதுவும் உங்க கடையில வாங்கியிருக்காதுங்கண்ணே” என்றேன். கலைவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “மாடு கெட்ட மாடா இருந்தா தரை என்னம்மா செய்யும்?” என்றார் விடாப்பிடியாக.

அப்போதுதான் அஞ்சலை முன்னால் வந்தாள். என் சத்தியம் என்னிடம் பத்திரமாகத்தான் இருந்தது. அவளே வாயைத் திறந்தாள்.

“அய்யா... எங்கால்ல மிதிச்சது மல்லிகாதாங்க. மூணு தடவ உதைச்சிடுச்சி. நாந்தான் சொல்லாம மறைச்சிட்டேன்.”

தணிகாசலம் அவள் காலைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார்.

“வெளிய மண்தரையில கட்டி இப்பவே கறக்கறேங்க. உதைச்சிதுன்னா நீங்களே லாரியக் கூப்புடுங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். உதைக்கலன்னா...” போர்டைக் கை காட்டினாள். “உதைக்கலன்னா அந்த போர்ட எடுத்துடுங்கய்யா.”

“சரி” என்றார் அவர்.

“சரியில்ல!” என்றார் விக்னேஷ். “இந்தக் காலோட மாட்டுக்கிட்ட உட்கார விட மாட்டேன். முத்துலட்சுமியக்கா கறக்கட்டும்.”

“எங்கைக்குத்தான் சார் அது சொரக்கும்.”

“அப்போ பூட்ஸ் போட்டாத்தான் விடுவேன்!”

அஞ்சலை யோசித்தாள். “வெளியதான... போட்டுக்கலாம்” என்றாள். வீங்கின விரல் அவள் பூட்ஸில் நுழையவில்லை. முத்துலட்சுமியின் பெரிய பூட்ஸைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

புங்க மரத்தடியில் மல்லிகாவைக் கட்டினார்கள். அஞ்சலை முதுகில் கை வைத்து, “நாந்தான்டி வரேன்... நாந்தான்” என்றபடி பக்கவாட்டில் உட்கார்ந்தாள். மடியைக் கழுவினாள். விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டாள். எட்டடி தள்ளி நாங்கள் அத்தனை பேரும் அரைவட்டமாக நின்றோம். என் இடுப்பு வலி எனக்கு மறந்தே போயிற்று. பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிக் கும்பிட்டதில்லை.

மல்லிகா வலது பின்னங்காலைத் தூக்கினாள்.

தணிகாசலம் “ம்...” என்றார். அஞ்சலை அசையவில்லை, கையையும் எடுக்கவில்லை. கால் அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் வயிற்றில் உட்கார்ந்திருந்த ஈயை ஒரு தட்டுத் தட்டி ஓட்டிவிட்டு, வைத்த இடத்திலேயே திரும்ப ஊன்றிக்கொண்டாள்.

சர்... சர்... சர்... பக்கெட்டில் பால் விழுகிற சத்தம்.

கடைசிச் சொட்டு வரைக்கும் மல்லிகா அந்தக் காலை எடுக்கவில்லை. அஞ்சலை மாட்டின் வயிற்றிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். முத்துலட்சுமி அழுதாள். நானும்தான் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்? விக்னேஷ் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

தணிகாசலம் போய், போர்டைத் தானே கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“போன மாசம் அனுப்பின ரெண்டும்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

“அதுங்களும் இந்தத் தரையிலதான நின்னுச்சிங்க” என்றாள் கலைவாணி. அந்த இரண்டையும் இனி எந்தச் சந்தையில் போய்த் தேடுவது? எனக்கு அந்த மாடுகளை நினைத்தும் கஷ்டமாக இருந்தது, அவரை நினைத்தும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. “சார், எனக்கும் எழுதுங்க. கல்லு இல்ல, இருவத்திரெண்டாம் நம்பரு!” என்று முத்துலட்சுமி முழங்கையை நீட்டினாள். “எனக்கு ரெண்டு தடவ வழுக்கிச்சி.” “எனக்கு அந்தப் பூ பார்டர்கிட்ட!” விக்னேஷுக்கு எழுதிக் கை வலித்துவிட்டது. பத்து நிமிஷத்தில் பதினோரு விபத்து. விபத்து கூடக் கூட உட்கார்ந்து கைதட்டிய சீஃப் கெஸ்ட் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜீரோ சர்ட்டிபிகேட்டை விக்னேஷ் சத்தமில்லாமல் லேப்டாப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் யாருக்கும் அடியே படவில்லை என்று நோட்டு சொன்னால் சந்தோஷப்படலாமா? அடிபட்டதைச் சொன்னால் யாருக்கு அடி விழும் என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்? ஃபேக்டரி, ஆபீஸ், ஸ்கூல்... எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “உண்மையச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம எங்கயாவது விழுந்தீங்களா?” மனிதர் பேப்பரை மடித்தார், விரித்தார். கடைசியில் பேண்டைத் தூக்கிக் காட்டினார். முழங்காலில் ஆறின தழும்பு. தீபாவளிக்கு முன்பு பெண்ணாடம் போகிற வழியில் பைக்கோடு சாய்ந்திருக்கிறார். “சொன்னா பைக்க வித்துடுவேன்னு நீதான சொல்லியிருக்க...” என்கிறார்! எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு போர்டு தொங்கியிருக்கிறது. மாட்டியவள் நான்.

சரி, பண்ணைக் கதைக்கு வருகிறேன். டைல்ஸை எல்லாம் பெயர்த்துவிட்டார்கள். கோடு கோடாகக் கீறின சிமெண்ட் தரை, மாடு நிற்கிற இடத்தில் ரப்பர் மேட். பெயர்க்கும்போது தணிகாசலம் ஊரிலேயே இல்லை, திட்டக்குடியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று போய்விட்டார். பாவம், பார்க்க மனசு வரவில்லை போலிருக்கிறது. அஞ்சலையைக் கலைவாணியே கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தாள். எலும்பில் விரிசல். மாவுக்கட்டு, மூன்று வாரம் லீவு.

பூட்ஸ் விஷயத்தையும் அந்தப் பெண்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தெருவில் போட்டு மிதித்ததைத்தான் லட்சுமி நிற்கிற இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. கொட்டகைக்குள்ளேயே கிடந்து, வெளியே காலெடுத்து வைக்காத பூட்ஸ் என்றால் அதுவும் பால்கேன் மாதிரி கொட்டகைச் சாமான்தானே? ஒரு வெள்ளிக்கிழமை எட்டு ஜோடியையும் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து உள்ளே ஆணியில் மாட்டிவிட்டார்கள். விக்னேஷுக்குப் போட்டோ அனுப்பினேன். கும்பிடுகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

நேற்றுக் காலை ஒரு போன். அஞ்சலை.

“யம்மா, நல்லா இருக்கீங்களா? நேத்து மல்லிகா என்ன உதைச்சிடுச்சிங்க!”

“என்னம்மா சொல்ற? புதுத் தரையிலயா?”

“தரை மேல தப்பு இல்லீங்க. காம்புல சின்னதா வெடிப்பு இருந்திருக்குது, பாக்காம கைய வெச்சிட்டேன். பூட்ஸ் போட்டிருந்தேனா, ஒண்ணும் ஆவல. நானே நோட்டுல எழுதிட்டேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சது இப்பத்தாங்க ஒதவுது! அய்யா படிச்சிப் பாத்துட்டு, ‘காம்புக்கு மருந்து வாங்கியாரேன்’னு கெளம்பிப் போனாரு. அவ்ளோதாங்க. வேற ஒண்ணும் சொல்லல.”

“மல்லிகா?”

“இதோ பக்கத்துலதான் நின்னு தட்டை தின்னுகிட்டு இருக்குது. கத்தச் சொல்லட்டுங்களா?”

உதை வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷமாகப் போன் செய்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.